பதினோராயிரம் பேரை எப்படி வரைவது? கொலோனிலிருந்து ப்ரூஜ் வரை

செவ்வாய், கொலோன்

கொலோன் நகரத்தின் சின்னத்தில் மேலே சிவப்புப் பட்டையில் மூன்று கிரீடங்கள் இருக்கும். கீழே வெள்ளையில் பதினோரு கறுப்புத் துளிகள். கிரீடங்கள் குழந்தை இயேசுவைப் பார்க்க வந்த மூன்று ராஜாக்களுக்கு உரியவை. அவர்களுடையவை என்று நம்பப்பட்ட எலும்புகளைப் பேராயர் ரைனால்ட் 1164-இல் மிலானிலிருந்து இங்கே கொண்டுவந்தார். துளிகள் புனித உர்சுலாவுக்கும் அவளோடு உயிர்விட்ட கன்னியருக்கும் உரியவை. இந்த உர்சுலாவின் கதையை இடைக்கால ஓவியர்கள் எப்படி வரைந்தார்கள் என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். இங்கே சில நாள், பிறகு பெல்ஜியத்தில் ப்ரூஜ்.

கதை தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உர்சுலா பிரிட்டனில் ஒரு கிறிஸ்தவ அரசனின் மகள். கிறிஸ்தவன் அல்லாத இளவரசன் ஏதேரியஸ் அவளைப் பெண் கேட்டு ஆள் அனுப்புகிறான். மறுத்தால் அப்பாவின் நாட்டுக்கு ஆபத்து. அவள் மூன்று வருடம் தவணை கேட்கிறாள். அதற்குள் அவன் ஞானஸ்நானம் பெற வேண்டும். தனக்குப் பத்துத் தோழிகள் வேண்டும். தோழிகள் ஒவ்வொருவருக்கும் ஆயிரம் கன்னியர், தனக்கும் ஆயிரம் பேர். ஆகப் பதினோராயிரம். கப்பல்களில் ரைன் நதி வழியாகக் கொலோன் வருகிறார்கள். அங்கே கனவில் தேவதூதர் தோன்றி, ரோமுக்குப் போ, திரும்பி இந்த ஊருக்கே வந்து உயிர்விடுவாய் என்கிறார். தெரிந்தே போகிறாள். பாசல் வரை கப்பல், அப்புறம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி நடை. ரோமில் திருத்தந்தை சிரியாக்கஸ் அவர்களை வரவேற்கிறார். அதோடு நிற்காமல் பதவியையே துறந்துவிட்டு அவர்களோடு கிளம்புகிறார். திரும்பி வரும்போது கொலோனை ஹூணர் படை முற்றுகையிட்டிருக்கிறது. எல்லோரையும் கொல்கிறார்கள். ஹூணர் தலைவன் உர்சுலாவைப் பார்த்து, என்னை மணந்துகொண்டால் விட்டுவிடுகிறேன் என்கிறான். மறுக்கிறாள். அம்பு பாய்கிறது.

13-ஆம் நூற்றாண்டில் யாக்கோபு தெ வோராஜினே என்ற டொமினிக்கன் துறவி தொகுத்த புனிதர் கதைத் திரட்டில் இந்தக் கதை இருக்கிறது. ஓவியர்களுக்கு அதுதான் பெரிய ஊற்று. ஏட்டில் பதினோராயிரம் என்று எழுதுவது சுலபம். அதையே ஒரு மரப்பலகையில் வரையச் சொன்னால் ஓவியர் என்ன செய்வார்? இந்தக் கேள்வி பல வருடமாக என்னை விடவில்லை.

முதலில் பேராலயம். தெற்குப் பக்கத்தில் மரியன்னை சிற்றாலயத்தில் ஷ்டெஃபான் லோக்னர் 1440-களின் முதல் பாதியில் வரைந்த பெரிய பீட ஓவியம் இருக்கிறது. நடுவில் ஒரு பலகை, இருபுறமும் மூடித் திறக்கும் கதவுப் பலகைகள். நடுப்பலகையில் மரியாளின் மடியில் குழந்தை, முன்னால் மூன்று ராஜாக்கள். வலது கதவில் போர்வீரரான புனித கெரெயோன் தன் தோழர்களோடு நிற்கிறார். இடது கதவில் உர்சுலா, அருகே ஏதேரியஸ், பின்னால் தோழிகள். பின்னணி முழுக்கப் பொன். காலடியில் புல்லும் பூவும் மூன்று பலகைகளிலும் ஒரே தரையாக ஓடுகின்றன.

பதினோராயிரத்துக்கு லோக்னரின் விடை எளிமையானது. சில முகங்களை நெருக்கி வைத்தார், பலகையின் விளிம்பு கூட்டத்தை வெட்டும்படி விட்டார். விளிம்புக்கு அப்பால் இன்னும் ஆட்கள் நிற்கிறார்கள் என்று கண் தானாகவே நம்பிவிடுகிறது. அத்தனை பெண்களுக்கும் அகன்ற நெற்றி, சின்ன வாய், தாழ்ந்த பார்வை. ஒரே வீட்டில் பிறந்த அக்கா தங்கைகள் மாதிரி இருக்கிறார்கள். இதைக் குறையாகச் சொல்லும் எழுத்துகளைப் படித்திருக்கிறேன். நேரில் நின்றபோது எனக்கு அப்படித் தோன்றவில்லை. சாவுக்குப் போகும் கூட்டம் இது. அதில் யாரும் தனித்துத் தெரிய முயலவில்லை.

இந்த ஓவியம் பேராலயத்துக்காக வரையப்பட்டது இல்லை. நகர மன்றத்தின் சிற்றாலயத்துக்காக வரையப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் இங்கே வந்தது. அந்தச் சிற்றாலயம் எப்படி உருவானது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1424-இல் கொலோன் மன்றம் யூதர்களை ஊரைவிட்டு வெளியேற்றியது. அவர்களுடைய தொழுகைக் கூடத்தை எடுத்துக்கொண்டு, அதையே மரியாளுக்கான சிற்றாலயமாக மாற்றியது. ஊரின் காவலர்களான புனிதர்களை இத்தனை அழகாக வரைந்து வைத்த இடம், ஊரைவிட்டுத் துரத்தப்பட்டவர்களின் இடம். இதைத் தெரிந்துகொள்ளாமல் அந்தப் பொன்னை ரசித்துவிட்டுப் போகக் கூடாது என்று நினைக்கிறேன்.

பீட ஓவியங்கள் அந்தக் காலத்தில் எப்போதும் திறந்தே இருந்ததில்லை. சாதாரண நாள்களில் கதவுகள் மூடியிருக்கும். இந்த ஓவியத்தை மூடினால் வெளிப்பக்கத்தில் மங்கள வார்த்தைக் காட்சி, அதாவது தேவதூதர் மரியாளுக்குச் செய்தி சொல்வது, தெரியும். பொன்னும் கூட்டமும் திருநாளுக்குத்தான். 1520-இல் இந்த ஊர் வழியாகப் போன ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெஷ்ட் ட்யூரர், மாஸ்டர் ஷ்டெஃபான் வரைந்த பலகையைத் திறந்து காட்ட இரண்டு வெள்ளைப் பென்னிக் காசு கொடுத்ததாகத் தன் பயணக் கணக்கில் குறித்திருக்கிறார். ஓவியத்தில் ஓவியரின் கையெழுத்து இல்லை. முந்நூறு வருடம் கழித்து ஆய்வாளர்கள் லோக்னரின் பெயரைக் கண்டுபிடிக்க அந்தச் செலவுக் கணக்கின் ஒரு வரிதான் உதவியது.

புதன், கொலோன்

புனித உர்சுலா ஆலயம் ரயில் நிலையத்துக்கு வடக்கே, நடந்தே போய்விடும் தூரம். கோபுரத்தின் உச்சியில் சிலுவைக்குக் கீழே பெரிய கிரீடம் ஒன்று, அவள் அரசகுமாரி என்பதற்காக. போரில் குண்டு விழுந்து எரிந்த ஆலயம், பிறகு திரும்பக் கட்டியிருக்கிறார்கள்.

இன்று முழுவதும் இங்கேதான். கதை முளைத்த மண் இது என்பதால் அவசரப்படவில்லை.

பீடத்தை ஒட்டிய பகுதியில் சுவரில் ஒரு லத்தீன் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். கிளெமாத்தியஸ் கல்வெட்டு என்று பெயர், ரோமர் காலத்தின் கடைசிப் பகுதியைச் சேர்ந்தது. கிழக்கிலிருந்து வந்த கிளெமாத்தியஸ் என்ற உயர்குலத்தவர், புனிதக் கன்னியர் கிறிஸ்துவின் பெயருக்காக இரத்தம் சிந்திய இடத்தில் இருந்த ஆலயத்தை அடித்தளத்திலிருந்து புதுப்பித்தார் என்கிறது. இதில் உர்சுலா என்ற பெயர் இல்லை, ஹூணர் இல்லை, எண்ணிக்கையும் இல்லை. யாரோ சில பெண்கள் இங்கே கொல்லப்பட்டார்கள் என்ற நினைவு மட்டும் இருக்கிறது.

9-ஆம் நூற்றாண்டு வழிபாட்டு ஏடுகள் சிலவற்றில் ஐந்து பெயர்கள், சிலவற்றில் எட்டு, சிலவற்றில் பதினொன்று. அந்தப் பட்டியல்களில் உர்சுலா எப்போதும் முதலில் வருவதில்லை. 10-ஆம் நூற்றாண்டில் அவள் தலைவியாகிவிட்டாள், எண்ணிக்கையும் பதினோராயிரம் என்று நிலைத்துவிட்டது. ரோம எண்ணில் பதினொன்றுக்குப் பக்கத்தில் மறைசாட்சியை, அதாவது விசுவாசத்துக்காக உயிர்விட்டவரை, குறிக்க எழுதிய எம் என்ற எழுத்தை ஆயிரம் என்று படித்துவிட்டார்கள் என்று பல ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் ஒரு எழுத்துப் பிழையை ஒரு நகரமே நம்ப வேண்டுமென்றால் வேறு ஏதாவது கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அப்படி ஒன்று 1106-இல் தெரிந்தது. நகர மதிலை விரிவாக்கத் தோண்டியபோது இந்த ஆலயத்தைச் சுற்றிக் குவியல் குவியலாக எலும்புகள் கிடைத்தன. அது ரோமர் காலத்துப் பழைய இடுகாடு. அன்று தோண்டியவர்களுக்கு அது பதினோராயிரத்துக்குச் சாட்சியாகப் பட்டது. ஆனால் எலும்புகளில் ஆண்களுடையவையும் குழந்தைகளுடையவையும் இருந்தன. கன்னியர் கூட்டத்தில் இவர்கள் யார்? 1150-களில் ஷோனாவ் மடத்துத் துறவி எலிசபெத், தனக்குக் கிடைத்த காட்சிகளில் இதற்கு விடை சொன்னார். ஆயர்கள் கூட வந்தார்கள், உறவினர்கள் வந்தார்கள், சிரியாக்கஸ் என்ற திருத்தந்தையே வந்தார். திருத்தந்தையர் பட்டியலில் அப்படி ஒரு பெயர் கிடையாது. பெண்களோடு போவதற்காகப் பதவியை விட்டதால் கர்தினால்கள் கோபித்துப் பெயரை நீக்கிவிட்டார்கள் என்று அதற்கும் கதையிலேயே காரணம் இருக்கிறது.

ஓவியங்களில் உர்சுலாவின் படகில் மூன்றடுக்கு முடியணிந்த திருத்தந்தையும் சிவப்புத் தொப்பிக் கர்தினால்களும் ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது இங்கே வந்தபிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது. மண்ணிலிருந்து ஆணின் எலும்பு வந்தது, எலும்பு கேள்வி கேட்டது, காட்சி பதில் சொன்னது, ஓவியர் அந்தப் பதிலுக்கு வண்ணம் கொடுத்தார்.

ஆலயத்தோடு சேர்ந்திருக்கும் பொற்கூடத்துக்குத் தனியாகச் சிறு கட்டணம். 1643-இல் யோஹான் ஃபொன் கிரானே என்பவரும் அவர் மனைவியும் கொடுத்த பணத்தில் கட்டியது. உள்ளே போனதும் முதலில் தெரிவது பொன் மாடங்களில் வரிசையாக நிற்கும் மார்பளவுச் சிலைகள், நூற்றுக்கும் மேல். மரத்தில் செதுக்கி வண்ணமும் பொன்னும் பூசிய இளம்பெண்கள், பலர் புன்னகைக்கிறார்கள். சிலரின் மார்பில் பூ வடிவத் திறப்பு, உள்ளே திருப்பண்டம், அதாவது புனிதருடைய உடலின் எச்சம். மாடங்களில் பூவேலைத் துணி சுற்றிய மண்டையோடுகள். பிறகு தலையை உயர்த்தினால் மேல்சுவர் முழுக்க எலும்பு. கை, கால், விலா எலும்புகளை அடுக்கி வளைவுகளாக, நட்சத்திரங்களாக, எழுத்துகளாகவே அமைத்திருக்கிறார்கள். புனித உர்சுலாவே எங்களுக்காக வேண்டிக்கொள்ளும் என்று லத்தீனில் எலும்பாலேயே எழுதியிருக்கிறது.

எண்ணிக்கையை அப்படியே கண்முன் நிறுத்திவிட முயன்ற இடம் இதுதான். கூடத்தில் இருந்த நேரம் முழுக்க நான் அந்த எலும்புகளுக்குரியவர்களை நினைத்துக்கொண்டிருந்தேன். ரோமர் கால கொலோனில் வணிகம் செய்து, பிள்ளை பெற்று, காய்ச்சலில் செத்துப்போன மனிதர்கள். ஆயிரம் வருடம் கழித்து மறைசாட்சிகளாக வணங்கப்படுவோம் என்று அவர்களில் யாருக்குத் தெரியும்? எனக்கு அந்தக் கூடத்தில் பயம் வரவில்லை. அத்தனை எலும்பையும் ஒன்றுவிடாமல் யாரோ துடைத்து, துணி தைத்து, மரியாதையோடு வைத்திருக்கிறார்கள் என்பதுதான் மனதில் நின்றது.

ஆலயத்துக்குள்ளேயே 15-ஆம் நூற்றாண்டில் வரைந்த உர்சுலா கதைப் பலகைகளும் வரிசையாக உண்டு. எலும்பைப் பார்த்துவிட்டு வந்து பார்த்ததால் அவற்றுக்கு நான் இன்று நியாயம் செய்யவில்லை, கண் களைத்துவிட்டது.

வியாழன், கொலோன்

காலையில் வால்ராஃப்-ரிச்சார்ட்ஸ் அருங்காட்சியகம். இந்தப் படங்கள் அருங்காட்சியகத்துக்கு ஏன் வந்தன என்பதற்கு ஒரு வரி வரலாறு. நெப்போலியன் காலத்தில், 1802-ஐ ஒட்டி, இங்கே மடங்களும் பல ஆலயங்களும் மூடப்பட்டன. பீட ஓவியங்கள் அடுப்பு விறகு விலைக்கும் போயின. ஃபெர்டினாண்ட் ஃபிரான்ஸ் வால்ராஃப் என்ற அறிஞர் கையில் கிடைத்ததையெல்லாம் வாங்கிச் சேர்த்து, இறக்கும்போது ஊருக்கே எழுதிவைத்தார். ரிச்சார்ட்ஸ் என்ற வணிகர் கட்டடத்துக்குப் பணம் கொடுத்தார். இப்போதைய கட்டடம் 2001-இல் திறந்தது.

நான் தேடி வந்தது 1411 வாக்கில் வரைந்த உர்சுலாவின் மறைசாட்சியம். ஓவியரின் பெயர் தெரியாது; அறிஞர்கள் வைத்த பெயர் சிறிய பாடுகளின் மாஸ்டர். கரையில் கொலை நடக்கிறது. பின்னால் கொலோன் நகரம், மதிலும் ஆலயக் கோபுரங்களுமாக. கற்பனை ஊர் இல்லை, அடையாளம் காணக்கூடிய கோபுரங்கள். கொலோனை வரைந்த மிகப் பழைய படங்களில் ஒன்று இது. ஹூணர் காலத்துக் கதைக்கு 1400-களின் ஊரைப் பின்னணியாக வைத்திருக்கிறார். ஊர்க்காரர் ஒருவர் இந்தப் படத்தின் முன் நின்றால் தன் வீட்டுக்குப் பக்கத்துக் கோபுரத்தைப் பார்த்திருப்பார். நேற்று எலும்புக் கூடத்தில் பார்த்த அதே நம்பிக்கைதான் இங்கே வேறு வழியில்: இது எங்கோ நடக்கவில்லை, நம் மதிலுக்கு வெளியே நடந்தது.

இந்தக் கூடங்களில் பொன்னை அருகிலிருந்து பார்க்க முடிகிறது. ஓக் பலகையில் பசையும் சுண்ணப்பொடியும் கலந்து பல முறை பூசி, தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் செங்காவி நிறத்தில் மெல்லிய களிமண் பூச்சு. அதில் ஈரம் காட்டிப் பொன் தகட்டை ஒட்டி, காய்ந்ததும் வழுவழுப்பான கல்லால் மெருகேற்றுவார்கள். பிறகு சிறு அச்சுகளைத் தட்டி ஒளிவட்டத்தில் புள்ளிகளும் பூக்களும் பதிப்பார்கள். பழைய பலகைகளில் பொன் தேய்ந்த இடங்களில் அந்தச் செம்மண் நிறம் எட்டிப் பார்க்கிறது. மெழுகுத்திரி வெளிச்சத்தில் அந்தப் புள்ளிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக மின்னியிருக்கும். இங்கே இருக்கும் சீரான மின்விளக்கு அதைக் காட்டாது.

எதிர்பாராமல் ஒரு சென்னைத் தொடர்பு. பார்த்தோலோமேயு பீடத்தின் மாஸ்டர் என்று அழைக்கப்படுகிறவர், 1500-ஐ ஒட்டி இந்த ஊர்க் கார்த்தூசியத் துறவிகளுக்கு வரைந்த தோமா பீடம் இங்கே இருக்கிறது. உயிர்த்த இயேசுவின் விலாக் காயத்தில் தோமா விரலை வைக்கிறார். இயேசுவே அவர் கையைப் பிடித்து உள்ளே செலுத்துகிறார். மயிலாப்பூரிலும் பரங்கிமலையிலும் நாம் நினைவுகூரும் அதே தோமா. சாந்தோம் ஆலயத்தில் கல்லறையைப் பார்த்து வளர்ந்தவர்கள் இந்தப் பலகையின் முன் கொஞ்சம் கூடுதலாகவே நின்றுவிடுவார்கள். நானும் நின்றேன்.

மாலையில் பாலத்தைக் கடந்து எதிர்க்கரை டாய்ட்ஸுக்குப் போனேன். அங்கிருந்து பார்த்தால் ரைன் முழுக்க ஊரின் முகம் தெரியும்: பேராலயத்தின் இரட்டைக் கோபுரம், பக்கத்தில் தடித்த கோபுரத்தோடு பெரிய புனித மார்ட்டின் ஆலயம், தெற்கே தள்ளி ஆற்றோரம் பாயன் கோபுரம். நாளை மறுநாள் ப்ரூஜில் இந்த மூன்றையும் திரும்பப் பார்க்கப் போகிறேன், ஓர் உள்ளங்கை அகலத்தில்.

வெள்ளி, ரயிலில்

ஆகன், லியேஜ், பிரஸ்ஸல்ஸ், அங்கே வண்டி மாறி ப்ரூஜ். மழை. எழுத ஒன்றும் இல்லை. விடுதியில் சூப்பும் ரொட்டியும் சாப்பிட்டுவிட்டுத் தூக்கம்.

சனி, ப்ரூஜ்

புனித யோவான் மருத்துவமனை 12-ஆம் நூற்றாண்டிலிருந்து நோயாளிகளையும் யாத்திரிகர்களையும் பார்த்துக்கொண்ட இடம். ஓக் உத்தரங்கள் தாங்கும் அந்தப் பெரிய நோயாளிக் கூடங்கள் இப்போது அருங்காட்சியகம். ஓவியர் ஹான்ஸ் மெம்லிங் இந்த மருத்துவமனைக்காக வரைந்த ஓவியங்கள் இன்னும் இங்கேயே இருக்கின்றன. மெம்லிங் ஜெர்மனியில் செலிகென்ஷ்டாட் ஊரில் பிறந்தவர், 1465-இல் ப்ரூஜ் குடிமகனாகப் பதிந்தார், 1494-இல் இறந்தார். போரில் காயம்பட்டு வந்த படைவீரர் மெம்லிங்கை இங்கே மருத்துவமனையின் துறவிப் பெண்களான கன்னியர் பேணிக் குணப்படுத்தினார்கள், நன்றிக்காக வரைந்து கொடுத்தார் என்று ஒரு கதை 18-ஆம் நூற்றாண்டில் கிளம்பி நெடுநாள் சுற்றியது. அது உண்மை இல்லை. அவர் வசதியான, பெயர்பெற்ற ஓவியர், கூலி வாங்கித்தான் வரைந்தார்.

உர்சுலா பேழை, திருப்பண்டங்களை வைக்கும் பெட்டி. படங்களில் பல முறை பார்த்திருக்கிறேன், நேரில் அதன் சிறுமைதான் முதலில் அசத்துகிறது. ஒரு மீட்டர் உயரம்கூட இல்லை. பொன் பூசிய ஓக் மரத்தில் ஒரு சின்ன கோதிக் ஆலயம், கூரையும் முனைக்கோபுரங்களுமாக. நீளப்பக்கம் ஒவ்வொன்றிலும் சன்னல் போல மூன்று வளைவுகள், ஒவ்வொரு வளைவிலும் ஒரு காட்சி. 1489 அக்டோபர் 21 அன்று, அவளுடைய திருநாளில், திருப்பண்டங்களை இதற்குள் வைத்தார்கள். முழு அர்த்தத்தில் இது பீடத்தின் பின்பலகை இல்லை. பீடத்தோடு சேர்ந்து வாழ்ந்த ஓவியம். சுற்றி நடந்து பார்க்க வேண்டும், நடக்க நடக்கக் கதை நகர்கிறது.

முதல் காட்சி கொலோனில் இறங்குவது. உர்சுலா கப்பலிலிருந்து இறங்குகிறாள், தோழி ஒருத்தி அவள் அங்கியின் விளிம்பைத் தூக்கிப் பிடிக்கிறாள். பின்னால் வியாழன் மாலை நான் பார்த்த ஊர். பெரிய புனித மார்ட்டின் இருக்கிறது, பாயன் கோபுரம் இருக்கிறது. பேராலயம் மட்டும் வேறு: கோபுரம் பாதியில் நிற்கிறது, உச்சியில் மரக் கிரேன். 1248-இல் தொடங்கிய கட்டட வேலை 16-ஆம் நூற்றாண்டில் நின்றுபோய், அந்தக் கிரேன் 1868 வரை அங்கேயே இருந்தது. கோபுரங்கள் முடிந்தது 1880-இல். மெம்லிங் கொலோனை நேரில் பார்த்து வரைந்திருக்கிறார் என்பதற்கு அந்தக் கிரேன் ஒன்றே போதும். ஒரு வீட்டின் சன்னலுக்குள் உர்சுலாவுக்குத் தேவதூதர் தோன்றுவதும் அதே படத்தில், விரல்நுனி அளவில். கீழே வந்து இறங்குகிறவளும் மேலே சாவின் செய்தியைக் கேட்கிறவளும் ஒருத்திதான், ஒரே சட்டத்துக்குள்.

அடுத்து பாசல், அடுத்து ரோம். ரோமில் திருத்தந்தை ஆலயப் படியில் நிற்கிறார், உர்சுலா மண்டியிடுகிறாள், ஒரு பக்கத்தில் ஆண்கள் ஞானஸ்நானம் பெறுகிறார்கள். மறுபக்கம் சுற்றி வந்தால் பாசலிலிருந்து திரும்பும் காட்சி. திருத்தந்தையும் கர்தினால்களும் படகில் ஏறி அமர்ந்திருக்கிறார்கள். புதன்கிழமை பார்த்த ஆண் எலும்புகள் கடைசியில் வந்து சேர்ந்த இடம் இந்தப் படகு.

பதினோராயிரத்துக்கு மெம்லிங்கின் விடை படகுதான். படகு என்றாலே இடம் போதாது. ஒரு சின்னப் படகில் தலைகளை நெருக்கி நெருக்கி வைத்தால், நெரிசலே எண்ணிக்கையாகிவிடுகிறது. லோக்னர் பலகையின் விளிம்பால் செய்ததை இவர் படகின் விளிம்பால் செய்கிறார். ஆனால் லோக்னரின் பெண்களைப் போல இவர்கள் ஒரே முகமாக இல்லை. தலைப்பின்னல் மாறுகிறது, முக்காடு மாறுகிறது, ஒருத்தி பக்கத்தில் இருப்பவளிடம் ஏதோ சொல்கிறாள்.

ஐந்தாவது காட்சி படுகொலை. கரையிலிருந்து வீரர்கள் அம்பு விடுகிறார்கள், வாளை ஓங்குகிறார்கள். படகில் ஒருவரை ஒருவர் தாங்கிப் பிடித்தபடி சாய்கிறார்கள். இரத்தம் மிகக் குறைவு. அலறல் இல்லை. இதைக் குளிர்ச்சி என்று சொல்கிறவர்கள் உண்டு, புத்தகத்தில் பார்த்தால் அப்படித்தான் நினைக்கத் தோன்றும் என்று நானும் ஏற்றுக்கொள்வேன். ஆனால் இது இருந்த இடத்தின் பக்கத்தில் நோயாளிகள் படுத்திருந்தார்கள். நிதமும் சாவைப் பார்த்த மருத்துவமனைக் கன்னியர் இதை வணங்கினார்கள். அவர்களுக்கு இரத்தத்தை வரைந்து காட்ட வேண்டிய அவசியம் இல்லை. கடைசி நேரத்தில் ஒரு கை இன்னொரு கையைப் பிடித்திருப்பதுதான் அவர்கள் தினமும் செய்த வேலை. மெம்லிங் அதை வரைந்தார்.

ஆறாவதில் கூட்டமே இல்லை. கூடாரத்துக்கு முன்னால் உர்சுலா தனியாக நிற்கிறாள். மெருகேறிய கவசத்தோடு தலைவன் அவளிடம் பேசுகிறான், கை வைத்து ஏதோ சமாதானம் சொல்வதுபோல. அவள் உள்ளங்கையை மெல்ல உயர்த்தி வேண்டாம் என்கிறாள். சில அடி தூரத்தில் வில்லாளி நாணை இழுத்துவிட்டான். அம்பு இன்னும் புறப்படவில்லை. பக்கத்தில் ஒரு நாய் ஒன்றும் அறியாமல் இருக்கிறது. பதினோராயிரத்தை ஐந்து காட்சிகளில் நெருக்கி நெருக்கிக் காட்டிவிட்டு, ஆறாவதில் ஒருத்திக்கு இவ்வளவு இடம் கொடுக்கிறார். அந்த மறுப்புக்கு இடம் வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

பேழையின் ஒரு முனையில் உர்சுலா தன் அங்கியை விரித்துச் சின்னச் சின்னப் பெண்களை அதற்குள் வைத்திருக்கிறாள். கையில் அம்பு. மறுமுனையில் மரியாளும் குழந்தையும், இருபுறமும் மண்டியிட்ட மருத்துவமனைக் கன்னியர் இருவர்.

அதே வளாகத்தில் மெம்லிங் 1479-இல் முடித்த இரண்டு யோவான்களின் பீடமும் இருக்கிறது. இடது கதவில் திருமுழுக்கு யோவானின் தலை வெட்டப்பட்ட காட்சி, வலது கதவில் பத்மு தீவில் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கும் நற்செய்தியாளர் யோவான். அந்த வலது கதவைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும். வானவில்லும் அதன் கடல் பிரதிபலிப்பும் அப்படி. இன்று உர்சுலாவுக்கு மட்டும்.

ஞாயிறு, ப்ரூஜ்

க்ரூனிங்கே அருங்காட்சியகத்தில் இன்னொரு உர்சுலா. மெம்லிங்கின் பேழைக்குச் சில வருடம் முன்னால், இதே ஊரில், பெயர் தெரியாத ஓவியர் ஒருவர் கறுப்புச் சகோதரிகள் மடத்துக்காக வரைந்த பீடக் கதவுகள். உர்சுலா கதையின் மாஸ்டர் என்றே அவரை அழைக்கிறார்கள். எட்டுக் காட்சிகள். கப்பல்கள், வாசல்கள், படிக்கட்டுகள் எல்லாம் அடுக்கடுக்காக. கொஞ்சம் விறைப்பான உடல்கள். மெம்லிங்கின் மென்மை இதில் இல்லை, ஆனால் கதை சொல்லும் அவசரம் இருக்கிறது. பெண் கேட்டு வந்தவர்களிலிருந்து தொடங்கி எதையும் விட மனமில்லாதவர். மெம்லிங் இந்தப் பலகைகளைப் பார்த்திருப்பார் என்றே நம்புகிறேன். ஊர் அவ்வளவு சிறியது. பார்த்துவிட்டு எதையெல்லாம் விடலாம் என்று முடிவெடுத்திருப்பார்.

பிற்பகலில் புனித யாக்கோபு ஆலயம். இங்கே 1480 என்று தேதியிட்ட புனித லூசி பலகை இருக்கிறது. இவரும் பெயரில்லாதவர், இந்தப் படத்தை வைத்தே லூசி கதையின் மாஸ்டர். இவருடைய படங்களின் பின்னணியில் ப்ரூஜின் மணிக்கூண்டு அடிக்கடி வரும். 1480-களில் அந்தக் கோபுரத்தின் உச்சியில் எண்கோண அடுக்கு ஒன்றைக் கட்டினார்கள். படத்தில் கோபுரம் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்த்து, படம் எப்போது வரைந்தது என்று அறிஞர்கள் கணக்கிடுகிறார்கள். புனிதருக்காக வரைந்த படம் இப்படி ஊரின் கட்டட வேலைக்கும் சாட்சியாக இருக்கிறது, கொலோனின் கிரேன் போலவே.

சிசிலியின் சிராக்யூஸ் ஊர்ப் பெண் லூசி. ஒரே பலகையில் மூன்று காட்சிகள். தன் சொத்தை ஏழைகளுக்குக் கொடுக்கிறாள். நீதிபதி பஸ்காசியஸ் முன் நிற்கிறாள். அவளை விபசார விடுதிக்கு இழுத்துப்போகச் சொல்கிறான், அவள் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கதையின்படி முதலில் ஆயிரம் ஆட்கள் இழுத்தார்கள், பிறகு ஆயிரம் ஏர் மாடுகளைப் பூட்டினார்கள். இங்கேயும் ஆயிரம்! ஓவியர் ஆயிரத்துக்குப் போகவே இல்லை. சில மாடுகள், ஒரு கயிறு, கொஞ்சம் ஆட்கள். லூசி நிமிர்ந்து நிற்கிறாள், இழுக்கிறவர்களின் பாடு இழுக்கிறவர்களுக்கு. எத்தனை மாடு என்ற கேள்வியே எழவில்லை எனக்கு.

1490-களில் வெனிசில் வித்தோரே கார்ப்பாச்சோ இதே உர்சுலா கதையைப் பெரிய பெரிய துணிகளில் வரிசையாக வரைந்தார். இப்போது அங்கே அகாதெமியா காட்சிக்கூடத்தில் இருக்கின்றன. பலகை போதவில்லை, பேழை சிறியது என்ற கட்டாயம் எதுவும் அவருக்கு இல்லை. வேண்டிய அளவு சுவர் இருந்தது. அவ்வளவு இடம் கிடைத்த ஓவியர் பதினோராயிரத்தை என்ன செய்தார் என்று நேரில் பார்க்க வேண்டும். அடுத்த பயணம் அங்கேதான்.